ருசி பார்ப்பது சாப்பாட்டில் சேராது

ஜூன் 16, திங்கள்

டாக்டரம்மா சொன்னபடி நோட்டு வாங்கியாயிற்று. இருநூறு பக்கம், கோடு போட்டது. பிள்ளையார் சுழி போட்டு, தேதி, காலை பிரஷர், மாலை பிரஷர், சாப்பாடு, நடை, குறிப்பு என்று ஆறு கட்டம் கிழித்தேன். முதல் ஐந்தும் என் மகள் பவதாரிணிக்கு. குறிப்பு எனக்கு.

"குறிப்புன்னா ரெண்டு வார்த்தைப்பா" என்றாள் பவா. பதினைந்து வருஷமாக என்னோடு இருக்கிறாள், இன்னும் என்னைத் தெரியவில்லை.

விஷயம் இதுதான். போன வாரம் பள்ளிக்கூடத்தில் மருத்துவ முகாம் போட்டார்கள். எல்லாப் பிள்ளைகளுக்கும் கையில் பிரஷர் பட்டையைக் கட்டி ஒரு தடவை அமுக்கி அனுப்பிவிட்டார்கள். பவாவுக்கு மட்டும் மூன்று தடவை. மூன்று தடவையும் 138/88. பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு இது ஆகாது என்று எழுதிக் கொடுத்து, குழந்தைகள் டாக்டர் மெர்சி ஸ்டெல்லாவிடம் போகச் சொன்னார்கள். இன்று போனோம். எடையை நோட்டில் எழுதக் கூடாது என்பது பவாவின் உத்தரவு. அதனால் உயரத்துக்கு வேண்டியதைவிட இருபத்திரண்டு கிலோ கூடுதல் என்று மட்டும் எழுதுகிறேன். இதை வைத்து யாரும் கண்டுபிடிக்க முடியாது.

"ஒரு மாசம் பாப்போம்" என்றார் டாக்டர். "எல்லாம் சேத்து ஒரு நாளைக்கு உப்பு ஒரு டீஸ்பூன்தான். எண்ணெய்ப் பலகாரம் வேண்டாம். ஒரு மணி நேரம் நடக்கணும், நேரத்துக்குத் தூங்கணும். ஜூலை பதினாலாம் தேதியும் இப்படியே இருந்தா மாத்திரை ஆரம்பிச்சிடலாம்."

பஸ்ஸில் வரும்போது பவா ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பேசாமல் வந்தால் எனக்குக் காது அடைத்த மாதிரி இருக்கும்.

"மாத்திரை போட்டா கிளாஸ்ல தெரிஞ்சிருமாப்பா?"

"வீட்டுலயே போட்டுக்கலாம்தா. யாருக்குத் தெரியப்போகுது?"

"இந்த ஊர்லயா? முகாம்ல மூணு தடவை கட்டுனதுக்கே 'பிரஷர் குக்கர்'னு பேரு வச்சிட்டாங்க. ஒருத்தி விசில் அடிச்சுக் காட்டுறா."

"மாத்திரை வராது. அப்பா பொறுப்பு" என்றேன். சொல்லிவிட்டு நானே பயந்து போனேன். நான் பொறுப்பு ஏற்ற காரியங்களின் சரித்திரம் செண்பகத்துக்குத் தெரியும். செண்பகம் என்பது என் மனைவி.

ஜூன் 17, செவ்வாய்

காலை 138/86. மாலை 140/88.

வீட்டில் ஆட்சி மாற்றம். ஊறுகாய் ஜாடி மூன்றையும் செண்பகம் பூஜை அலமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டாள். இப்போது சாமி கும்பிடும்போதெல்லாம் எனக்கு வாய் ஊறுகிறது. அப்பளம் கிடையாது. கருவாடு கிடையாது. தட்டின் ஓரத்தில் உப்பு வைக்கும் வழக்கம் ஒழிந்தது.

பவா சாப்பிட்டது: இட்லி மூன்று, கொத்தமல்லிச் சட்னி. மதியம் சோறு, கீரை, முட்டை. இரவு தோசை இரண்டு. டாக்டரம்மா பார்த்தால் கண்ணில் ஒற்றிக்கொள்வார்.

கடையைப் பற்றியும் ஒரு வார்த்தை எழுதிவிடுகிறேன். சாத்தூர் பஸ் நிலையத்துக்குப் பின்னால் எங்கள் சேவுக்கடை. முன்னால் கடை, நடுவில் அடுப்படி, பின்னால் வீடு. மாஸ்டர் அய்யனார் நாற்பது வருஷமாகச் சேவு பிழிகிறார். எங்கள் கடையில் ஒரு முறை உண்டு: வாணலியிலிருந்து எந்த ஈடு இறங்கினாலும் முதல் கைப்பிடி வீட்டு ஆள் கைக்குப் போகவேண்டும். உப்பு, காரம், பதம் பார்த்து "போகலாம்" என்று சொன்ன பிறகுதான் சரக்கு கண்ணாடிப் பெட்டிக்குப் போகும். எங்கள் அப்பா பார்த்தார், அப்புறம் அண்ணன் பார்த்தார். ஆறு வயதில் பவா ஒரு நாள் "மாஸ்டர் தாத்தா, ஓமம் மறந்துட்டீங்க" என்று சொன்னாள். அய்யனார் ஓம டப்பாவை எடுத்துப் பார்த்தார். மூடி திறக்காமல் அப்படியே இருந்தது. அன்றிலிருந்து அந்தப் பதவி அவளுக்குத்தான். காலையில் மூன்று ஈடு, சாயந்தரம் மூன்று. யார் பேச்சையும் கேட்காத அய்யனார், அவள் மெல்லும்போது மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்.

இன்றும் ஆறு ஈடும் "போகலாம்" ஆனது.

ஜூன் 18, புதன்

உப்புக் குறைத்த ரசம். நானும் சாப்பிட்டேன். வேறு குறிப்பு இல்லை.

ஜூன் 21, சனி

காலை 140/88. மாலை 138/90.

நடை ஒரு மணி நேரம். பவா ரயில்வே பீடர் ரோட்டில் நான்கு முறை போய் வந்தாள். கூடவே நானும். நான் முனையில் இருக்கும் டீக்கடை வரை போய், அங்கே உட்கார்ந்து அவள் ஒவ்வொரு முறை திரும்பும்போதும் கையை ஆட்டி உற்சாகப்படுத்தினேன். இரண்டு வடை சாப்பிட்டேன். என் பெயரில் நோட்டு கிடையாது.

"வேர்த்து ஊத்துதுப்பா, நீங்களும் வந்தா என்ன?"

"ரெண்டு பேரும் நடந்தா எண்ணுறது யாருத்தா?"

வீட்டுக்கு வந்தபோது சாயந்தர ஈடு இறங்கி இருந்தது. நடந்து களைத்த பிள்ளை. மிளகுச் சேவு நன்றாக வந்திருக்கிறது என்றாள்.

ஜூன் 24, செவ்வாய்

எண்கள் இறங்க மாட்டேன் என்கின்றன. வீட்டுக்கு வாங்கிய பிரஷர் மெஷின் மேல் எனக்குச் சந்தேகம் வந்தது. சோதித்துப் பார்ப்பதற்காக எல்லாரையும் உட்காரவைத்தோம்.

செண்பகம் 122/78. அய்யனாருக்கு அறுபத்தொரு வயது, நாற்பது வருஷமாகக் கொதிக்கிற எண்ணெய்க்கு முன்னால் நிற்கிற மனுஷன். அவருக்கு 118/74. "நான் சேவு திங்கிறதில்லையே அண்ணாச்சி, வாடையிலயே வயிறு நெறஞ்சிரும்" என்றார். வியாபாரம் நடக்கும் இடத்தில் சொல்லக்கூடிய பேச்சா இது?

கடைசியில் பவா என் கையில் கட்டினாள். மெஷின் பாம்பு மாதிரி சீறி, என் கையைப் பிழிந்து, 166/102 என்று காட்டியது. இரண்டாவது தடவை 168/102. ஆக மெஷின் கோளாறுதான். எனக்கு ஒரு தலைவலி கூட இல்லையே.

செண்பகம் சிரிக்கவில்லை. "உங்க அண்ணனும் இப்படித்தான் சொன்னாரு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

அண்ணன் ஆறு வருஷத்துக்கு முன்னால் கல்லாவில் உட்கார்ந்தபடியே சாய்ந்தார். நாற்பத்தொன்பது வயது. திருஷ்டிதான் காரணம் என்று எல்லாரும் முடிவு செய்து, மறுநாளே கடை வாசலில் பெரிய பூசணிக்காயாகக் கட்டித் தொங்கவிட்டோம். எனக்கு இப்போது நாற்பத்தெட்டு.

மெஷின் கோளாறு என்று எழுதி அடிக்கோடு போட்டிருக்கிறேன்.

ஜூன் 27, வெள்ளி

இன்று வீட்டில் சண்டை. எழுதலாமா என்று யோசித்தேன். எழுதாமல் இருக்க முடியாது என்பதால் எழுதுகிறேன்.

காலை 142/90. செண்பகம் அந்த எண்ணைப் பார்த்துவிட்டு நேராகப் போய்ப் பவாவின் புத்தகப் பையைக் கவிழ்த்தாள்.

"நானும் ஒரு உப்புக் கல்லைக் கூட எண்ணித்தான் போடுறேன். எப்படி ஏறுது? ஸ்கூல்ல என்னடி வாங்கித் திங்குற?"

"ஒண்ணும் திங்கலம்மா!"

"அப்ப காத்துல ஏறுதா?"

பையிலிருந்து ஜாமெட்ரி பாக்ஸ், இரண்டு வரலாற்று நோட்டு, பாதி வெள்ளரிக்காய் விழுந்தன. பவா அந்த வெள்ளரிக்காயை எடுத்து அம்மாவிடம் நீட்டினாள். "இதுதான் திங்கிறேன். பத்து நாளா எல்லாரும் பப்ஸ் திங்கும்போது நான் இதைத் திங்கிறேன். எல்லாம் பாத்துச் சிரிக்கிறாங்க. நீயும் என்னைத் திருடி மாதிரி பாரு." சொல்லிக்கொண்டே அழுதாள். செண்பகமும் அழுதாள். நான் நடுவில் நின்று வெள்ளரிக்காயை வாங்கி வைத்துக்கொண்டேன்.

பெற்ற மனம் கேட்குமா? அடுப்படிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அப்போதுதான் காரச்சேவு இறங்கி இருந்தது. அய்யனார் எழுந்து நின்றார். பிள்ளை ஒரு கைக்கு இரண்டு கையாக ருசி பார்த்தாள். முகம் தெளிந்துவிட்டது.

கடவுளே, இந்த பிரஷர் எங்கிருந்துதான் வருகிறதோ.

ஜூன் 30, திங்கள்

இடையில் ஒரு தடவை வந்து காட்டச் சொல்லியிருந்தார்கள். வெறுங்கையோடு எப்படிப் போவது? டாக்டரம்மாவுக்கு அரைக்கிலோ காரச்சேவு பொட்டலம் கட்டி எடுத்துப்போனேன். அவர் அதை மேஜை ஓரமாக, வெடிகுண்டைத் தள்ளுவது போல ஒரு விரலால் தள்ளி வைத்தார்.

நோட்டை வாங்கினார். எண்களை மட்டும் பார்ப்பார் என்று நினைத்தேன். அவர் என் குறிப்புகளைப் படிக்க ஆரம்பித்தார். பூஜை அலமாரி வரும் இடத்தில் சிரித்தார். டீக்கடை வந்ததும் இன்னும் சத்தமாகச் சிரித்தார். எனக்குப் பெருமையாக இருந்தது, வாசகர் கிடைத்துவிட்டார் என்று. அப்புறம் ஒரு பக்கத்துக்குத் திரும்பிப் போய், மறுபடி படித்தார். சிரிப்பு நின்றுவிட்டது.

"சாப்பாட்டுக் கட்டத்துல சேவே இல்லையே. ஆனா குறிப்புல தினமும் ஆறு ஈடு ருசி பார்த்தாள்னு இருக்கு?"

"ஆமா டாக்டர்."

"அதை ஏன் சாப்பாட்டுல எழுதல?"

"அது சாப்பாடு இல்லையே டாக்டர். அது தொழில்."

டாக்டரம்மா நான் கொண்டுபோன பொட்டலத்தைப் பிரித்தார். கைக்குழந்தைகளைக் கிடத்தி எடை பார்க்கும் தட்டு ஒன்று அங்கே இருந்தது. அதில் பேப்பரை விரித்து, "உங்க கடைக் கைப்பிடியா ஆறு தடவை வைங்க" என்றார்.

வைத்தேன். இரண்டாவது கைப்பிடியிலேயே எனக்கு வியர்த்தது. ஆறாவதுக்கு 210 கிராம்.

"ஒரு ஆள் ரெண்டு வேளை சாப்பிடுற சோத்துக்குச் சமம் இது. நான் ஒரு நாளைக்கு ஒரு டீஸ்பூன் உப்பு சொன்னேனா? அதுல முக்கால்வாசிக்கு மேல இந்தத் தட்டுலயே இருக்கு. அப்புறம் வீட்டுல எண்ணி எண்ணிப் போட்டு என்ன பிரயோஜனம்?"

நான் பவாவைப் பார்த்தேன். அவள் தட்டைப் பார்க்கவில்லை. கால் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஆச்சரியமே இல்லை.

"உனக்குத் தெரியுமாத்தா?"

"தெரியும்" என்றாள், தலை நிமிராமல். "சொன்னா நிறுத்திருவீங்க. ஸ்கூல்ல நான் பிரஷர் குக்கர். அடுப்படில மட்டும்தானே நான் சொன்னா எல்லாரும் கேக்குறாங்க."

குழந்தைத் தட்டில் கிடந்த சேவை நான்தான் பொறுக்கித் துடைத்துக் கொடுத்தேன். வழியில் அதைச் சாப்பிடவில்லை. சத்தியம்.

ஜூலை 1, செவ்வாய்

இன்று முதல் ருசி பார்ப்பது நான். காலை ஈடு இறங்கும் நேரத்துக்குப் பவா அடுப்படி வாசல் வரை வந்து, நிலையைப் பிடித்துக்கொண்டு நின்று, பிறகு சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

"பாப்பா வரலியா?" என்றார் அய்யனார்.

"இனிமே நான்தான்" என்று ஒரு கை அள்ளிப் போட்டு, "பிரமாதம்" என்றேன். அவர் கையைக் கட்டவில்லை. எழுந்து நிற்கவும் இல்லை.

ஜூலை 4, வெள்ளி

காலை 134/84. மூன்றே நாள்! செண்பகம் அந்த எண்ணைத் தொட்டுக் கும்பிட்டாள்.

கடையில் நிலைமை வேறு. மாவில் உப்புப் போட்ட நேரத்தில் அய்யனாருக்குப் பேத்தியிடமிருந்து போன். பேசிவிட்டு வந்து மறுபடி உப்புப் போட்டுவிட்டார். ஆறு கிலோ ஈடு. நான் ருசி பார்த்தேன். வழக்கம்போலப் "பிரமாதம்" என்றேன். எனக்கு அது பிரமாதமாகத்தான் இருந்தது.

பத்து மணிக்கு ரிட்டயர்டு குருசாமி வாத்தியார் பொட்டலத்தோடு திரும்பி வந்தார். "ஏம்ப்பா வெயில்முத்து, இது உப்புப் போட்ட சேவா, சேவு போட்ட உப்பா? ஒரு வாய் போட்டுட்டு ரெண்டு சொம்பு தண்ணி குடிச்சேன்." அவருக்குப் பின்னால் இன்னும் ஏழு பேர். ஒருவர் வாயைத் திறந்து நாக்கையே காட்டினார்.

சாயந்தரம் பள்ளிக்கூடம் விட்டு வந்த பவா, பெட்டியில் கிடந்ததில் ஒன்றை எடுத்து நுனி நாக்கில் வைத்துப் பார்த்தாள். "அப்பா, இது உங்களுக்கு உப்பாவே தெரியலையா?"

"கொஞ்சம் தூக்கலா இருக்குன்னு நெனச்சேன்."

"எப்ப நெனச்சீங்க?"

"வாத்தியார் வந்ததுக்கு அப்புறம்."

ஜூலை 5, சனி

இந்தக் குறிப்பு பவதாரிணி எழுதுவது. அப்பா நாக்கை நம்பி இனி கடை நடத்த முடியாது. நானும் ருசி பார்க்கக் கூடாது. அதனால் இன்று லீவு நாளில் தராசோடு அடுப்படியில் உட்கார்ந்தேன். மாஸ்டர் தாத்தாவிடம் உப்பை அள்ளி மாவில் போடாமல் முதலில் தட்டில் போடச் சொன்னேன்.

"எங்கையவே எடை போடுறியா தாயி?" என்று கோபப்பட்டார். பத்து தடவை அள்ளினார். குறைந்தது 51 கிராம், கூடினது 78. அதைப் பார்த்ததும் கோபம் போய் வருத்தம் வந்துவிட்டது. "நாப்பது வருசமா ஒரே அளவுன்னுல்ல நெனச்சிட்டு இருந்தேன்" என்றார். அது உங்கள் தப்பில்லை தாத்தா, போன் வந்தால் கை பெரிதாகிவிடுகிறது என்றேன். சிரித்தார்.

ஒரு ஈட்டுக்கு இரண்டு கை, அதாவது 120 கிராம் என்று முடிவு செய்து சுவரில் எழுதியிருக்கிறேன். இனி உப்பும் ஓமமும் மிளகாய்த்தூளும் நான் நிறுத்துக் கொடுத்த பொட்டலத்திலிருந்துதான் போகும்.

காலை 132/84. அப்பா: 168/104. அப்பாவுக்கும் தினமும் கட்டிப் பார்த்து எழுதி வருகிறேன், கடைசிப் பக்கத்தில். எழுதுவது அவருக்குத் தெரியாது.

ஜூலை 6, ஞாயிறு

தெரியும். நோட்டை நான்தான் வாங்கினேன், கடைசிப் பக்கம் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியாதா? பார்க்காத மாதிரி இருக்கிறேன்.

ஜூலை 9, புதன்

காலை 128/80. நடை: நானும் இரண்டு முறை போய் வந்தேன். டீக்கடைக்காரர் உடம்பு சரியில்லையா என்று விசாரித்தார்.

ஜூலை 12, சனி

எனக்கு நடந்த மோசடியைப் பதிவு செய்கிறேன்.

இன்று காலை சுவரைப் பார்த்தேன். 120 என்று எழுதியிருந்த இடத்தில் அடித்து 116, அதை அடித்து 112, 108, 104, 100 என்று இறங்கி, கடைசியில் 96. ஒரு வாரமாக உப்பைத் திருடியிருக்கிறாள்! ஐந்தில் ஒரு பங்கு!

"யாரைக் கேட்டுடி செஞ்ச?"

"யாராவது திருப்பிக் கொண்டு வந்தாங்களா?"

யோசித்தேன். ஒருவரும் இல்லை. குருசாமி வாத்தியார் நேற்றுக் கூட வாங்கிக்கொண்டு, "பழைய கைப்பக்குவம் வந்திருச்சுப்பா" என்று பாராட்டிவிட்டுப் போனார்.

"நீங்க தினமும் ருசி பார்த்தீங்களேப்பா, என்ன சொன்னீங்க?"

நான் சொன்னது எல்லாருக்கும் தெரியும். அய்யனார் அடுப்புக்குப் பின்னால் திரும்பி நின்று தோள் குலுங்கச் சிரித்தார். அவரும் உடந்தை.

ஜூலை 14, திங்கள்

இரவெல்லாம் பவா புரண்டுகொண்டிருந்தாள் என்று செண்பகம் சொன்னாள். காலையில் பஸ்ஸில் என் கையைப் பிடித்தவள் ஆஸ்பத்திரி வாசலில்தான் விட்டாள்.

டாக்டரம்மா தானே கட்டிப் பார்த்தார். ஐந்து நிமிஷம் உட்காரவைத்து மறுபடி பார்த்தார். 126/78.

"இன்னும் கொஞ்சம் இறங்கணும். எடையும் மெதுவா வரும், அவசரமில்ல. மூணு மாசம் கழிச்சு வா. இப்பதைக்கு மாத்திரை வேண்டாம்."

பவா பெரிதாக மூச்சு விட்டாள். ஒரு மாசம் அடக்கி வைத்திருந்த மூச்சு மாதிரி இருந்தது. பிறகு நோட்டைத் திருப்பிக் கடைசிப் பக்கத்தை டாக்டரிடம் நீட்டினாள்.

அவர் படித்தார். என்னைப் பார்த்தார். பட்டையை எடுத்தார்.

"டாக்டர், நீங்க குழந்தைங்க டாக்டர்தானே" என்றேன்.

"உட்காருங்க" என்றார்.

170/104. இரண்டாவது தடவையும் அதேதான். ஆஸ்பத்திரி மெஷினும் கோளாறு என்று எழுத எனக்கே கூச்சமாக இருக்கிறது. பக்கத்து அறையிலிருக்கும் பெரியவர்கள் டாக்டரிடம் கையோடு அனுப்பினார். அந்த டாக்டர் வீட்டில் வேறு யாருக்காவது பிரஷர் உண்டா என்று கேட்டார். அண்ணனைப் பற்றியும் பூசணிக்காய் பற்றியும் சொன்னேன். அவர் சீட்டு எழுதினார். தினமும் காலையில் ஒன்று.

சீட்டை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்து, பவாவிடம், "ஊருக்குள்ள யார்கிட்டயும் சொல்லாதத்தா. சேவுக்கடைக்காரனுக்கே பிரஷர்னு தெரிஞ்சா மானம் போயிரும்" என்றேன். அவள் தலையை ஆட்டினாள்.

சாத்தூர் வந்து இறங்கியதும் மெடிக்கல். ஏழெட்டுப் பேர் நின்றுகொண்டிருந்தார்கள். எல்லாம் தெரிந்த முகம். சீட்டைப் பவாவிடம் கொடுத்துவிட்டு, நான் இருமல் மிட்டாய் பாட்டிலைப் பார்ப்பது போல ஒதுங்கி நின்றேன். கடைக்காரர் சீட்டைப் படித்தார். பவாவைப் பார்த்தார். குரலில் கருணை பொங்க, கூட்டத்துக்கே கேட்கும்படி, "இந்த வயசுலயே பிரஷர் மாத்திரையா பாப்பா? காலையில சாப்பிட்டதும் ஒண்ணு. மறக்காமப் போடணும், என்ன?" என்றார்.

எல்லாத் தலையும் திரும்பியது. பவாவின் வகுப்புப் பிள்ளை ஒருத்தியின் அம்மாவும் அதில் இருந்தார். பவா வாயைத் திறக்கவில்லை. நான் சொல்லாதே என்று சொன்னதற்காக, காது வரை சிவந்து, அந்த மாத்திரை அட்டையைத் தன்னுடையது போல வாங்கிக்கொண்டாள்.

நான் இருமல் மிட்டாய் பாட்டிலை விட்டேன்.

"அது எனக்கு!" என்றேன். கொஞ்சம் அதிகமாகவே கத்திவிட்டேன். சந்தையில் ஏலம் கேட்பவன் மாதிரி. "எனக்குத்தான் பிரஷர். நூத்தி எழுபது! எம்மகளுக்கு ஒண்ணும் கிடையாது. அவ உப்பைக் குறைச்சு, நடந்து, இறக்கிக் காட்டிட்டா. கேட்டுக்கோங்க."

முன்னால் நின்ற குருசாமி வாத்தியார் மெதுவாகத் திரும்பி, தன் கையில் இருந்த அட்டையை என் அட்டைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"நமக்கும் இதே கம்பெனிதாம்ப்பா. ஏழு வருசமா."

"எனக்கு ராத்திரியும் ஒண்ணு உண்டு அண்ணாச்சி" என்றார் ஸ்டூடியோக்காரர். வளையல் கடை அம்மாள் பையைத் திறந்து இரண்டு அட்டை எடுத்துக் காட்டினார். அந்த வகுப்புப் பிள்ளையின் அம்மா கூட, "எனக்குப் போன மாசந்தான் ஆரம்பிச்சாங்க" என்றார். சட்டென்று எல்லாரும் சொந்தக்காரர்கள் மாதிரி ஆகிவிட்டோம். யாருக்கு எவ்வளவு, எந்த வேளை, எத்தனை வருஷம் என்று பேச்சு ஓடியது.

பவா வாத்தியாரைப் பார்த்தாள். ஸ்டூடியோக்காரரைப் பார்த்தாள். வளையல் கடை அம்மாளைப் பார்த்தாள். ஒவ்வொருவராக எண்ணி முடித்து என் பக்கம் திரும்பினாள். எல்லாரும் எங்கள் கடைச் சேவை வாரத்துக்கு அரைக்கிலோவுக்குக் குறையாமல் வாங்குகிறவர்கள்.

"அப்பா" என்றாள், என் காதுக்கு மட்டும் கேட்கும்படி. "நாளைக்கு எண்பத்தெட்டு கிராம் போட்டுப் பாப்போமா?"